தண்டும் திண்டும் தோல்வாரும்

கி.மு. 429, குளிர்காலம் தொடங்கும் நேரம். ஏதென்ஸும் ஸ்பார்ட்டா கூட்டணியும் போரிட்டுக்கொண்டிருந்த காலம்; கொரிந்த் ஸ்பார்ட்டா பக்கம். கொரிந்த் நகரத்திலிருந்து மெகாரா பக்கத்துக் கடற்கரையை நோக்கி ஆட்கள் கூட்டமாக நடந்து போகிறார்கள். ஒவ்வொருவரிடமும் நாலு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு தண்டு. கூடவே உட்கார ஒரு திண்டு, தண்டை அதன் முளையோடு இழுத்துக் கட்ட ஒரு தோல்வார். மெகாராவின் துறைமுகத்தில் 40 கப்பல்கள் சும்மா கிடக்கின்றன. ராத்திரியோடு ராத்திரியாக அவற்றைத் தண்ணீரில் தள்ளி, காவல் இல்லாமல் திறந்து கிடக்கும் பைரியஸ் துறைமுகத்துக்குள் புகுந்து ஏதென்ஸைத் திணறடிக்க வேண்டும் என்பது திட்டம். கடைசி நேரத்தில் துணிச்சல் வரவில்லை. காற்றும் எதிர்த்தது என்றார்கள். எதிரே இருந்த சலாமிஸ் தீவைக் கொள்ளையடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

இதை எழுதி வைத்தவர் அந்தப் போரின் வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ். தலைவர்களின் பேச்சுகளைப் பக்கம் பக்கமாக எழுதும் மனிதர், இந்த இடத்தில் மட்டும் ஒரு சாதாரண தண்டு வலிப்பவன் கையில் என்னென்ன இருந்தது என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார். தண்டு, திண்டு, தோல்வார். அந்த ஒரு வரிதான் என்னைப் பழைய கிரேக்கத்துக்குள் இழுத்துப்போட்டது.

நான் சரக்குக் கப்பலில் மோட்டார்மேன். என்ஜின் ரூமில் 19 வருடம் ஆகிறது. தாத்தா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். தண்டு வலிக்கிறது என்பது எங்கள் வீட்டுச் சொல். என் வேலையிடம் கடல்மட்டத்துக்குக் கீழே. கரை வருகிறதா, மழை பெய்கிறதா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. மேலே பிரிட்ஜில் இருப்பவர்கள் கடலைப் பார்ப்பார்கள். எங்களிடம் வந்து சேர்வது கட்டளை மட்டும்தான். அதனால், கிரேக்க நகர அரசுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் கண் மேல்தட்டில் நிற்பதில்லை. கீழே உட்கார்ந்திருந்தவன் யார், அவனுக்கு என்ன கிடைத்தது, அவன் பேச்சு எடுபட்டதா என்றுதான் தேடும்.

ஒருமுறை எங்கள் கப்பல் பெராமாவில் பழுதுபார்க்க நின்றது. பைரியஸை அடுத்த ஊர் அது. எதிரே சலாமிஸ் தீவு. கூப்பிட்டால் கேட்கும் என்று தோன்றும் அளவுக்குக் கிட்டே. நடுவில் ஒடுங்கிய நீர். அந்த நீரில்தான் கி.மு. 480-இல் பாரசீகக் கடற்படை சிக்கிக்கொண்டது. எங்களுக்குப் பின்னால் ஐகாலியோ மலை. அதன் அடிவாரத்தில் ஆசனம் போட்டு உட்கார்ந்துதான் பாரசீக மன்னர் செர்க்ஸீஸ் தன் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதி உடைவதைப் பார்த்தார். நான் ஒரு கையில் டீயோடு டெக்கில் நின்று அந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்தக் கப்பலைச் சொல்லிவிடுகிறேன். டிரைரீம் என்பார்கள். நீளம் ஏறத்தாழ 37 மீட்டர், அகலம் ஐந்தாறு மீட்டர். அதற்குள் 200 பேர். அதில் 170 பேர் தண்டு வலிப்பவர்கள், ஆளுக்கு ஒரு தண்டு. மூன்று அடுக்காக உட்கார்வார்கள்: மேல் அடுக்கில் 62, நடுவில் 54, கீழே 54. மிச்சமிருந்த முப்பது பேரில்தான் கப்பல் தலைவர், சுக்கான் பிடிப்பவர், முன்னணியில் நின்று நீரோட்டம் பார்ப்பவர், தச்சர், தாளத்துக்குக் குழல் ஊதுபவர், பத்து ஈட்டி வீரர்கள், நான்கு வில்லாளிகள் எல்லாம் அடக்கம். போர் செய்வது கப்பலேதான். முன்மூக்கில் வெண்கலம் பூட்டிய இடிமுனை. அதை எதிரிக் கப்பலின் விலாவில் ஏற்றுவதுதான் யுத்தம். ஆகவே ஆயுதத்தின் வேகமும் திருப்பமும் முழுக்க முழுக்க அந்த 170 முதுகுகளில் இருந்தது.

கீழடுக்குக்காரர்களைத் தலமியர் என்பார்கள். அவர்கள் தண்டு வெளியே போகும் துளை நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருந்ததால், தண்ணீர் உள்ளே வராமல் தண்டைச் சுற்றி ஒரு தோல் உறை மாட்டியிருந்தார்கள். ஆக, வெளியே பார்க்க அவர்களுக்கு ஒரு ஓட்டைகூடக் கிடையாது. தலைக்கு மேலே இரண்டு அடுக்கு மனிதர்களின் வியர்வை சொட்டும். தலமியன் முகத்துக்கு நேரே மேலே இருப்பவன் காற்று விடுவதை வைத்து அரிஸ்டோஃபனீஸ் மேடையில் ஒரு நகைச்சுவை வைத்திருக்கிறார் என்றால், பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் அந்த இருக்கையில் உட்கார்ந்தவர்களாக இருந்திருக்க வேண்டும்!

1987-இல் இதே மாதிரி ஒரு கப்பலைக் கிரேக்கத்தில் கட்டி மிதக்கவிட்டார்கள். ஒலிம்பியாஸ் என்று பெயர். தன்னார்வமாக வந்த ஆண்களும் பெண்களும் தண்டு வலித்து ஒன்பது நாட் வேகம்வரை கொண்டுபோனார்கள். இப்போது ஃபாலிரோ கடற்கரையில் கொட்டகைக்குள் நிற்கிறது. போய்ப் பார்த்தேன். இருக்கைகளுக்கு இடையில் இருக்கும் இடத்தைப் பார்த்தவுடன் முதலில் தோன்றியது, இங்கே ஒருவன் தாளம் தப்பினால் பக்கத்தில் நாலு பேர் தண்டு சிக்கிக்கொள்ளும் என்பதுதான். செனஃபோன் இதைத்தான் சொல்கிறார்: ஆள் நிறைந்த டிரைரீம் ஏன் கண்ணுக்கு அழகு? ஒழுங்காக உட்கார்கிறார்கள், ஒழுங்காக முன்னே சாய்கிறார்கள், ஒழுங்காகப் பின்னே வருகிறார்கள்.

சரி, இந்தக் கப்பல்கள் எங்கிருந்து வந்தன?

ஏதென்ஸிலிருந்து தெற்கே லாரியோன் என்று ஒரு மலைப்பகுதி. கி.மு. 483 வாக்கில் அங்கே பெரிய வெள்ளி வளம் கிடைத்தது. ஆளுக்குப் பத்து டிராக்மா, அதாவது பத்து வெள்ளிக்காசு, பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு எழுந்தது. அப்போது தெமிஸ்டோக்ளிஸ் என்ற அரசியல் தலைவர் எழுந்து, பங்கு வேண்டாம், கப்பல் கட்டலாம் என்றார். பக்கத்துத் தீவான ஈஜினாவோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. அதைக் காரணம் காட்டினார். 200 கப்பல்கள் என்கிறார் வரலாறு எழுதிய ஹெரோடோட்டஸ். கையில் வரவிருந்த காசை ஒரு ஊரே விட்டுக்கொடுத்த அந்த வாக்கெடுப்பை நான் எப்போதும் மரியாதையோடுதான் நினைப்பேன். ஏழைக்குப் பத்து டிராக்மா சின்னத் தொகை இல்லை.

அதன் விளைவு ஒன்று யாரும் கணக்குப் போடாதது. அதுவரை கிரேக்க நகரங்களில் போர் என்றால் ஹாப்லைட்டுகளின் வேலை. கேடயமும் தலைக்கவசமும் ஈட்டியும் சொந்தக் காசில் வாங்கக்கூடியவர்கள், அதாவது கொஞ்சம் நிலமும் ஒரு ஜோடி மாடும் உள்ளவர்கள். சோலோன் கி.மு. 594-இல் மக்களை விளைச்சலின்படி நான்கு வகுப்பாகப் பிரித்தபோது, கடைசி வகுப்பு தெட்டீஸ். கூலிக்காரர்கள். அவர்களுக்குப் பேரவையிலும் நீதிமன்றத்திலும் இடம் உண்டு. பதவி எதுவும் கிடையாது. கவசம் வாங்க முடியாதவனுக்குப் போரில் பெரிய இடம் இல்லை. போரில் இடம் இல்லாதவன் சொல்லுக்கு ஊரில் எடை இல்லை.

டிரைரீமுக்குக் கவசம் தேவையில்லை. முதுகு போதும். சலாமிஸில் ஏதென்ஸ் தன் ஆட்களோடு இறக்கியது 180 கப்பல்கள். கப்பலுக்கு 170 என்று பெருக்கினால் முப்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. ஹெரோடோட்டஸ் வேறொரு இடத்தில் ஏதென்ஸ் குடிமக்களின் எண்ணிக்கையே 30,000 என்கிறார். கணக்கு கறாராக இல்லாவிட்டாலும் விஷயம் தெளிவு: அந்த ஊரில் கை உள்ள அத்தனை பேரும் இருக்கையில் உட்கார்ந்தாக வேண்டியிருந்தது. ஊரையே காலி செய்துவிட்டுத்தான் போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் டிரோய்சன், ஈஜினா, சலாமிஸ் என்று சிதறினார்கள். டிரோய்சன்காரர்கள் வந்தவர்களுக்குத் தினம் இரண்டு ஓபோல் படி கொடுத்தார்கள். பிள்ளைகள் எந்த மரத்திலும் பழம் பறித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியருக்கும் சம்பளம் கொடுத்தார்கள். புளூட்டார்க் சொல்லும் இந்தத் தகவலைப் படித்தபோது, முன்பின் தெரியாத அந்த ஊர் மேல் எனக்கு ஒரு நன்றி பிறந்தது. கரையில் விட்டுப்போன நாய் ஒன்று எஜமானின் கப்பலுக்குப் பக்கத்திலேயே நீந்தி சலாமிஸ் கரை சேர்ந்து செத்துப்போனதையும் அவர்தான் சொல்கிறார்.

வெற்றி வந்தது. அதன்பின் ஊரின் எடை நகர ஆரம்பித்தது. உடனே இல்லை, இருபது வருடம் போலப் பிடித்தது. கி.மு. 462-இல் எஃபியால்டீஸ் பழைய பிரபுக்களின் அரியோபகஸ் மன்றத்தின் அதிகாரங்களைப் பிடுங்கி மக்கள் அவைகளிடம் கொடுத்தார். பெரிக்ளிஸ் காலத்தில் நீதிமன்றத்தில் உட்காரும் குடிமகனுக்குப் படி வந்தது. முதலில் இரண்டு ஓபோல், பிறகு மூன்று. ஆறு ஓபோல் ஒரு டிராக்மா. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு வரக் கூலிக்காரனால் முடியாது என்பதை யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இந்த மாற்றத்தைப் பற்றிய மிக நேர்மையான சாட்சியம், அதை வெறுத்த ஒருவரிடமிருந்து வருகிறது. செனஃபோன் எழுத்துகளோடு சேர்ந்து தப்பி வந்த ஒரு சின்ன நூல்; எழுதியவர் பெயர் தெரியாததால் பழைய பிரபு என்று அழைக்கிறார்கள். மக்களாட்சி அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் அவர் ஒப்புக்கொள்கிறார்: கப்பலை ஓட்டுபவர்களும் சுக்கான் பிடிப்பவர்களும் தச்சர்களும்தான் இந்த நகரத்துக்குப் பலம் தருகிறார்கள், ஹாப்லைட்டுகளும் உயர்குடியினரும் அல்ல, ஆகவே பதவியிலும் பேச்சிலும் அவர்களுக்குப் பங்கு இருப்பது நியாயம்தான். எதிராளி வாயிலிருந்து வந்த இந்த நியாயம் எனக்கு எந்தப் புகழுரையைவிடவும் பெரிது. அடுத்த நூற்றாண்டில் பிளேட்டோவோ சலாமிஸையே குறை சொல்கிறார்; மாரத்தான், பிளாட்டீயா தரைப்போர்கள் கிரேக்கர்களை மேம்படுத்தின, கடற்போர்கள் அப்படிச் செய்யவில்லை என்று. அவரிடம் எவ்வளவு கற்றாலும் இந்த இடத்தில் நான் அவரோடு இல்லை.

ஆட்சி எப்படி நடந்தது என்றால், 500 பேர் கொண்ட மன்றம் ஒன்று, வருடத்துக்கு ஒருமுறை குலுக்கலில். வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் யாரும் உட்கார முடியாது. அந்த மன்றத்தில் முறை வைத்து 50 பேர் பணியில் இருப்பார்கள். அவர்களில் தினம் ஒருவர் குலுக்கலில் தலைவர். கருவூலச் சாவியும் ஊர் முத்திரையும் ஒரு பகல், ஒரு இரவு அவர் கையில். மறுநாள் வேறு ஒருவர். சட்டப்படி தெட்டீஸ் வகுப்பு பதவிக்கு வர முடியாது என்பதை ஏதென்ஸ் கடைசிவரை நீக்கவே இல்லை. ஆனால் குலுக்கலுக்கு நிற்பவனிடம் நீ எந்த வகுப்பு என்று கேட்டால், தெட்டீஸ் என்று யாருமே சொல்வதில்லை என்று அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் சொல்கிறது. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. படைத்தலைவர்கள் பத்துப் பேரை மட்டும் குலுக்கலுக்கு விடாமல் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். புயலில் யார் சுக்கான் பிடிப்பது என்பதைச் சீட்டுக்கு விட அவர்களும் தயாராக இல்லை.

தெமிஸ்டோக்ளிஸையே பிறகு ஊரைவிட்டுத் துரத்தினார்கள். பானை ஓட்டில் பெயர் கீறிப் போடும் வாக்கெடுப்பு; பத்து வருடம் வெளியே இருக்க வேண்டும். ஊர் நடுவே உள்ள அக்ரோபொலிஸ் குன்றின் சரிவில் ஒரு கிணற்றில் அவர் பெயர் கீறிய 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் பதினான்கு பேர் மட்டும் எழுதியவை. முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பாரசீகத்தை முறியடித்தாரோ, அதே பாரசீக மன்னரிடம் தஞ்சம் புகுந்து மக்னீசியாவில் செத்தார்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த கதைக்கு வருகிறேன். கி.மு. 427. லெஸ்போஸ் தீவின் மிட்டிலீன் நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளம்பி, தோற்றுச் சரணடைந்தது. ஏதென்ஸ் பேரவை கோபத்தில் கை தூக்கியது: அந்த ஊர் ஆண்கள் எல்லோரையும் கொல், பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக விற்றுவிடு. உத்தரவோடு ஒரு டிரைரீம் புறப்பட்டுவிட்டது. ராத்திரி தூங்கி எழுந்தபின் ஊருக்கு மனசு உறுத்தியது. மறுநாள் மறுபடி கூடினார்கள். கிளியோன் கொலையே சரி என்றார். டியோடோடஸ் என்பவர் வேண்டாம் என்றார். இரக்கத்தின் பெயரால் இல்லை, சரணடைந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால் இனி எந்த ஊரும் சரணடையாது என்ற கணக்கில். கைகள் ஏறத்தாழச் சமம். டியோடோடஸ் ஜெயித்தார்.

முதல் கப்பல் புறப்பட்டு ஒரு பகலும் ஒரு இரவும் ஆகிவிட்டது. இரண்டாவது கப்பலை இறக்கினார்கள். மிட்டிலீன் தூதர்கள் அதில் ஒயினும் வாற்கோதுமை மாவும் ஏற்றிக்கொடுத்து, முந்திப்போனால் நல்ல வெகுமதி என்றார்கள். வழக்கமாக டிரைரீம்கள் சாப்பிடவும் தூங்கவும் கரை ஒதுங்கும். இவர்கள் ஒதுங்கவே இல்லை. மாவை ஒயினிலும் எண்ணெயிலும் பிசைந்து, தண்டு வலித்தபடியே தின்றார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள். சிலர் தூங்க மற்றவர்கள் வலித்தார்கள். தூரம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். நல்லவேளை எதிர்காற்று இல்லை. முதல் கப்பல்காரர்களோ, போகிற காரியம் பிடிக்காமல் மெதுவாகப் போனார்கள் என்கிறார் தூசிடிடிஸ்.

இந்த வாக்கியத்தில் நான் நின்றுவிடுவேன். பிடிக்காமல் மெதுவாகப் போனார்கள். மேலிருந்து உத்தரவு வந்துவிட்டது, மறுக்க முடியாது. ஆனால் 170 பேர் தண்டை எவ்வளவு அழுத்தி இழுப்பது என்பது அவர்கள் கையில். கீழே இருப்பவனுக்கும் ஒரு வாக்கு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

மிட்டிலீனில் தளபதி பாக்கீஸ் முதல் உத்தரவைப் படித்து முடித்து, நிறைவேற்ற எழும் நேரத்தில் இரண்டாவது கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஊர் பிழைத்தது. ஆனால் கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் பிறகு கொல்லப்பட்டார்கள். பதினோரு வருடம் கழித்து மேலோஸ் தீவுக்கு இதே தண்டனை வந்தபோது இரண்டாவது கப்பல் எதுவும் போகவில்லை. அதையும் வாக்குள்ள மக்களே செய்தார்கள். ஏதென்ஸுக்கு அடங்கிய ஊர்கள் கட்டிய கப்பம்தான் தண்டு வலிப்பவனின் கூலிக்கு வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

இப்படிப் போருக்குப் போனவர்கள் இல்லாத நாளில் வீடு எப்படி ஓடியது? அதற்கு ஒரு நீதிமன்றப் பேச்சு பதில் வைத்திருக்கிறது. கி.மு. 340-களில் ஒருவரைக் குடிமகன் இல்லை என்று பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவருக்காக டெமோஸ்தனிஸ் எழுதிக் கொடுத்த வாதம் அது. பெரிக்ளிஸ் கி.மு. 451-இல் கொண்டுவந்த சட்டப்படி அப்பா, அம்மா இருவரும் ஏதென்ஸ் குடியாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். எதிர்த்தரப்பு சொன்னது: இவன் அம்மா சந்தையில் நாடா விற்றாள், கூலிக்குப் பால் கொடுக்கும் தாதியாக இருந்தாள், ஏதென்ஸ் குடிமகள் செய்யும் வேலையா இது? அவர் மறைக்கவில்லை. ஆமாம், நாடா விற்கிறோம். அப்பா தளபதி திராசிபுலஸின் படையோடு வெளியூர் போயிருந்தார், கையில் இரண்டு குழந்தைகள், வறுமை, அதனால் அம்மா இன்னொருவர் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். இதைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். காரணம் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பேரவையில் இடம் இல்லை. எந்தப் பெண்ணுக்கும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் மெடிக் எனப்பட்ட வெளியூர்க்காரர்களுக்கும் இல்லை; ஆண் வருடத்துக்கு 12 டிராக்மா, தனியாக வாழும் பெண் 6 டிராக்மா வரி கட்ட வேண்டும், போரும் போக வேண்டும்.

ஸ்பார்ட்டாவைப் பற்றிக் கொஞ்சம். பலருக்கும் பழைய கிரேக்கம் என்றால் முதலில் ஸ்பார்ட்டாதான் நினைவுக்கு வருகிறது, எனக்கு அங்கே மனசு ஒட்டுவதில்லை. ஏழு வயதில் பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்துப் பயிற்சி, முப்பது வயதுவரை படைவீட்டுத் தூக்கம், இரண்டு அரசர்கள், அறுபது தாண்டிய 28 முதியவர்கள், வருடத்துக்கு ஐந்து எஃபோர்கள் என்ற உயர் அதிகாரிகள். இந்த அமைப்பு முழுவதும் ஹெலட்டுகள் என்ற உழவர்களின் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. வருடா வருடம் எஃபோர்கள் பதவியேற்றதும் ஹெலட்டுகள்மேல் போர் அறிவிப்பார்கள், கொன்றால் பாவம் சேராமல் இருக்க. ஒருமுறை, போரில் சிறப்பாக உழைத்தவர்களுக்கு விடுதலை என்று சொல்லி 2,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் மாலை சூடிக் கோயில்களைச் சுற்றி வந்தார்கள். பிறகு காணாமல் போனார்கள். ஒவ்வொருவரும் எப்படி மாண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த மாலைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

ஆனால் ஏதென்ஸ் பக்கமும் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும். தலமியனுக்கும் கீழே ஒரு தட்டு இருந்தது. லாரியோன் சுரங்கம். அங்கே சுரங்க வழிகள் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதவை. படுத்தும் குனிந்தும் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அடிமைகள். நீசியாஸ் என்ற படைத்தலைவர், பக்திமான் என்று பேரெடுத்தவர், ஆயிரம் அடிமைகளை ஆளுக்குத் தினம் ஒரு ஓபோல் என்று சுரங்கக் குத்தகைக்கு விட்டிருந்தார். செத்தால் அதே எண்ணிக்கையைக் குத்தகைக்காரர் நிரப்பித் தர வேண்டும். தண்டு வலித்தவனுக்கு வாக்கு வந்தது கப்பலால். கப்பல் வந்தது வெள்ளியால். வெள்ளியைத் தோண்டியவனுக்கு எதுவும் வரவில்லை. இந்த ஒரு முடிச்சை நான் எத்தனை வருடம் யோசித்தும் அவிழ்க்க முடியவில்லை. அவிழ்த்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவும் விரும்பவில்லை.

கி.மு. 413-இல் ஸ்பார்ட்டா படை ஏதென்ஸ் எல்லைக்குள் டெக்கேலியாவில் கோட்டை கட்டி உட்கார்ந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் ஓடிப்போனார்கள் என்கிறார் தூசிடிடிஸ். எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஓடினார்கள் என்ற ஒரு சொல்தான் அவர்கள் போட்ட வாக்கு.

அடிமைகள் கப்பலிலும் இருந்தார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் வெட்டிய ஒரு கல்லில் சில டிரைரீம்களின் ஆள்பட்டியல் இருக்கிறது. கப்பல் தலைவர், வீரர்கள், குடிமக்கள், வெளியூர்க்காரர்கள், கடைசியில் அடிமைகள். ஒவ்வொரு அடிமைப் பெயருக்கும் பக்கத்தில் உடைமையாளர் பெயர். கி.மு. 406-இல் நிலைமை மோசமாகி, ஏதென்ஸ் 30 நாளில் 110 கப்பல்களை ஆளேற்றி அனுப்பியது. வயது வந்த எல்லோரும் ஏறுங்கள், அடிமையானாலும் சரி. அர்கினுசே தீவுகளில் ஜெயித்தார்கள். வலித்த அடிமைகளுக்கு விடுதலையும் குடியுரிமையும் கிடைத்தது. ஆம், கிடைத்தது. அந்த ஒருநாளில் இருக்கையின் தர்க்கம் கடைசித் தட்டுவரை போனது.

அதே போருக்குப் பின்தான் மிகக் கெட்ட காரியமும் நடந்தது. உடைந்த 25 கப்பல்களின் ஆட்கள் நீரில் கிடந்தார்கள். புயல் எழுந்ததால் யாரும் போய்த் தூக்கவில்லை. ஊரில் கோபம் கொதித்தது. தளபதிகள் எட்டுப் பேரையும் ஒரே வாக்கில் விசாரிக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. தனித்தனியாக விசாரிக்காமல் தண்டிப்பது சட்டத்துக்கு விரோதம். மக்கள் நினைத்ததைச் செய்யவிடாமல் தடுப்பதா என்று கூட்டம் கத்தியது. அன்று பணியில் இருந்த 50 பேரில் சாக்ரடீஸும் ஒருவர். அவர் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. கையில் கிடைத்த ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள், பெரிக்ளிஸின் மகன் உட்பட. பிறகு ஊர் வருந்தியது. கடலில் ஆளை விட்டுவிட்டு வருவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அன்று சாக்ரடீஸ்தான் சரி.

இன்னொரு சம்பவம், அதற்கு ஐந்து வருடம் முன்பு, கி.மு. 411. ஏதென்ஸில் 400 பேர் சேர்ந்து ஆட்சியைப் பிடித்து மக்களாட்சியைக் கலைத்துவிட்டார்கள். கடற்படை அப்போது சாமோஸ் தீவில். பாராலோஸ் என்று ஊரின் அரசுக் கப்பல் ஒன்று; அதன் ஆட்கள் அத்தனை பேரும் சுதந்திரமான ஏதென்ஸ் குடிகள், ஒரு சிலர் மட்டும் ஆளும் ஆட்சி என்றாலே அவர்களுக்கு ஆகாது. செய்தி சாமோஸை எட்டியது. தண்டு வலிப்பவர்கள் கரையில் இறங்கிக் கூடினார்கள். அங்கேயே பேரவை. சந்தேகப்பட்ட தளபதிகளை நீக்கினார்கள், திராசிபுலஸையும் திராசில்லஸையும் தேர்ந்தெடுத்தார்கள். நாம் ஊரைவிட்டுப் போகவில்லை, ஊர்தான் நம்மை விட்டுப் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். கப்பல்கள் எல்லாம் நம்மிடம், நாமே பெரும்பான்மை, மனம் தளர வேண்டாம் என்று. நகரம் என்பது மதில்களா, மனிதர்களா என்ற கேள்விக்கு அந்தக் கடற்கரையில் பதில் சொன்னார்கள். நானூற்றுவர் ஆட்சி நாலு மாதம்கூட நிற்கவில்லை.

கி.மு. 405-இல் ஈகோஸ்பொடாமியில் ஏதென்ஸ் கப்பல்கள் கரையில் கிடந்தபோது ஸ்பார்ட்டாவின் கடற்படைத் தலைவர் லைசாண்டர் பிடித்துக்கொண்டார். மறுவருடம் சரணாகதி. 12 கப்பல்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பைரியஸையும் நகரத்தையும் இணைத்த நீண்ட மதில்களைக் குழலோசையோடு இடித்தார்கள். ஸ்பார்ட்டாவின் ஆதரவில் முப்பது பேர் ஆட்சிக்கு வந்தார்கள். அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று: பேரவை கூடும் பினிக்ஸ் குன்றில் பேச்சாளர் நிற்கும் மேடையைத் திருப்பி வைத்தது. அதுவரை அது கடலைப் பார்த்து நின்றதாம். கடலாட்சிதான் மக்களாட்சிக்குத் தாய், உழவர்கள் சிலராட்சியைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நினைத்து நிலத்தைப் பார்க்கத் திருப்பினார்கள் என்கிறார் புளூட்டார்க்.

பெராமாவில் எனக்கு ஒருநாள் முழு விடுப்பு கிடைத்தது. பைரியஸிலிருந்து ரயில் பிடித்து திசியோவில் இறங்கி பினிக்ஸுக்கு ஏறினேன். கூட்டம் எல்லாம் எதிரே அக்ரோபொலிஸில் இருந்தது. இங்கே நாலைந்து பேர்தான். இப்போது நிற்கும் கல்மேடை அந்த முப்பது பேருக்கு எழுபது வருடம் போலப் பின்னால் வெட்டியது. ஆனால் அதுவும் திருப்பிய திசையிலேயே நிற்கிறது. மக்களாட்சி ஒரே வருடத்தில் திரும்பி வந்தது, மேடையை மட்டும் யாரும் திரும்பக் கடல் பக்கம் வைக்கவில்லை. மேடைக்கு முன்னால் நின்றால் கடல் தெரியாது. பின்பக்கம் சுற்றி மேட்டில் ஏறினேன். தெற்கே வீடுகள், அதற்கப்பால் ஒரு வெளிறிய கோடு. பைரியஸின் கிரேன்கள். அதற்கும் மேற்கே புகைமூட்டத்தில் ஐகாலியோ மலை. எங்கள் கப்பல் அந்த மலைக்குப் பின்னால் இருந்தது. ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். இரண்டாவது ஜெனரேட்டரைக் கழற்றிப் போட்டிருந்தோம். ஐந்து மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.